பன்னிரண்டு அடி பிந்திய ஆமென்

போன ஞாயிறு கோயிலில் ஒரு கிழவர் ஆமென் சொல்லப் பிந்திவிட்டார். நாங்கள் எல்லோரும் சொல்லி முடித்து, முழங்காலை நிமிர்த்தி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்வரிசை வாங்கிலிருந்து தனியாக ஒரு ஆமென் வந்தது. எல்லாத் தோணியும் கரை ஏறிய பிறகு, துடுப்பு முறிந்த தோணி ஒன்று வந்து சேருவதுபோல. பாட்டு வரிசையில் இரண்டு பெண்பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஆமைக்கல்லின் மணம் வந்தது. வெயிலில் சுட்ட பாறை, தேன்மெழுகு, வௌவால்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, முப்பத்தொன்றார் நடத்தியதைப்போல ஒழுங்கான சபையை எந்தக் குருவானவரும் எந்த பிஷப்பும் நடத்தியதில்லை. இங்கிலாந்தில் ஒருவேளை நடந்திருக்கலாம். நான் போய்ப் பார்த்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் கந்தோர் அலுமாரிக்குள் பூச்சி அரித்துக் கிடந்தது. மற்றவர்களுக்கு அவர் உபதேசியார். கந்தோரில் இருந்த எங்களுக்கு முப்பத்தொன்றார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. புளியந்தீவில், இங்கிலாந்துத் திருச்சபையின் கந்தோரில் கிளாக்கர் வேலை. குருவானவர் இல்லாத தூரத்துக் கோயில்களில் உபதேசியார்கள் ஞாயிறு தோறும் ஜெபம் வாசிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புவார்கள். அதைப் பெரிய புத்தகத்தில் பார்த்து எழுதுவது என் பாடு. திகதி, வருகை, குறிப்பு என்று மூன்று பத்தி. வருகைப் பத்தி வாவித் தண்ணீர் மாதிரி. விதைப்புக் காலத்தில் வற்றும், அறுவடை முடிந்தால் பொங்கும், அடைமழைக்கு ஒடுங்கிவிடும். 'இரண்டு பேர், அதில் ஒருவர் நித்திரை' என்று உண்மை எழுதி அனுப்பிய உபதேசியாரும் உண்டு.

ஆமைக்கல் கணக்கு மட்டும் அசையாது. 31. அடுத்த ஞாயிறு 31. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு 31. பெரிய வெள்ளிக்கும் 31. அவருடைய குறிப்புப் பத்தியை நாங்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம்.

'ஆறு பெருகிப் பாதை இல்லை. வருகை 31.'

'வாசலில் தனியன் யானை. ஆராதனை ஒரு மணித்தியாலம் சுணக்கம். வருகை 31.'

'உள்ளே கரடி. வெளியே ஆராதனை. வருகை 31. கரடி சேர்க்கப்படவில்லை.'

ஆமைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலையையும் கடந்து, வயல் வட்டைகள் முடிந்து காடு தொடங்கி, அந்தக் காடும் களைத்துப்போய் மேடாக ஏறும் இடத்தில் ஒரு பாறைமலை. அதன் முதுகில் ஒரு சின்னக் கோயில். எங்கள் பாட்டன்மார் காலத்தில் கோப்பித்தோட்டத் துரை ஒருவர் வேட்டைக்கு வந்த இடத்தில் தன் ஊர் நினைவு வந்து கட்டியது. பிற்காலத்தில் அவருடைய பேரன் துரை ஒருவர் அங்கே பருத்தி போட்டுப் பார்க்க, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து சனங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார். அந்தச் சனங்களின் உபதேசியார்தான் நம்முடைய ஆள். முன்பிருந்த குருவானவர் வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் வந்தவர். அவர் மாறிப்போன பிறகு வந்த ஐயாவுக்குக் காலில் வாதம். மாட்டுவண்டியைக் கண்ணால் கண்டாலே முழங்கால் நோகும். எட்டு வருடமாகக் கந்தோரிலிருந்து ஒருவரும் ஆமைக்கல்லை மிதிக்கவில்லை.

ஆனால் முப்பத்தொன்றார் வருவார். ஆடி மாதத்தில் ஒருநாள், துரை விட்டுப்போன கறுப்புக் கோட்டை வேட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு, கைவிரல் தெரியாத நீளக் கையோடு, வெறுங்காலோடு, தோளில் தேன் தகரத்தோடு வந்து நிற்பார். மெழுகுதிரியும் மைக்கட்டியும் வாங்கிக்கொண்டு போவார். சுகம் கேட்டால் தன் சுகத்தைச் சொல்ல மாட்டார்.

"எப்பிடி உபதேசியார், சுகமா?"

"நாங்க எல்லாரும் அப்பிடியே இருக்கம்."

ஐயா அவரைக் கண்டால் விடமாட்டார். பாவம், ஐயாவின் சபை நகரத்துச் சபை. பாட்டு வரிசையில் சண்டை, வாங்கில் இடத்துக்குச் சண்டை, பிரசங்கத்தில் குறட்டை.

"பிரசங்கம் எவ்வளவு நேரம் உபதேசியார்?"

"ஒரு மணித்தியாலம் ஐயா. சிலவேளை ரெண்டும் போகும்."

"சனம் இருக்குமா?"

"ஒருத்தரும் எழும்பிப் போனதில்ல."

ஐயா பெருமூச்சு விட்டார். "பிள்ளையள் இருக்குமே?"

"ஆறு பிள்ளையள் ஐயா. சத்தமே இல்ல."

"சண்டை சச்சரவு?"

"முந்தி இருந்தது. கிணத்தடியில பெரிய சண்டையெல்லாம் வந்தது. இப்ப எல்லாரும் ஒத்துமை."

ஐயா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு அவருடைய பிரசங்கம் முழுக்க ஆமைக்கல் சபையைப் பற்றித்தான். நகரத்துச் சபை அதற்கும் நித்திரை கொண்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஐயா விடவில்லை. அறுவடைப் பண்டிகைக்கு ஆமைக்கல் சபையை நகரத்துக்கு வரவழைத்து முன்வாங்கில் வரிசையாக இருத்த வேண்டும், நம்முடைய சனம் பார்த்துப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான்தான் கடிதம் எழுதினேன். பதில் வந்தது: 'எங்கள் சனத்துக்குப் பிரயாணம் இயலாது. மன்னிக்கவும்.' 

"அப்ப நாமளே போவம்" என்றார் ஐயா. போகும் பாதை தன் காலுக்குத் தாங்குமா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்.

தோணியில் வாவி கடந்தேன். கொக்கட்டிச்சோலையில் வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் காத்தான்குடி முஸ்லிம் ஒருவர், எல்லோருக்கும் காக்கா. வருடத்தில் இரண்டு தடவை மலையடிக்குப் போய்த் தேன் வாங்கி வருபவர். வயல் காய்ந்து கிடந்தது. சூடு மிதித்த களங்களில் மயில் மேய்ந்தது. நான் பேச்சுக் கொடுத்தேன்.

"காக்கா, ஆமைக்கல்லில சனம் கனக்கவா?"

"என்ன சனம்?"

"வேதக் கோயில் சனம். முப்பத்தொரு பேர்."

அவர் மாட்டை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மந்தியையும் சேத்தா அதுக்கு மேலயும் வரும் மனே. மனிசரெண்டா அங்க ஒரு ஆள்தான் இரிக்கி."

தேன் வாங்கப் போகிற காக்காவுக்கு எங்கள் சபைக் கணக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தில் எழுதி வைத்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை பின்நேரம் மலை ஏறினேன். மேட்டில் திரும்பியதும் நின்றுவிட்டேன். இங்கிலாந்துக் கிராமக் கோயில் ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டு, அது சுருங்கிப் போனதுபோல ஒரு கோயில். கருங்கல் சுவர், கூரான வாசல், வாசல் முகப்பில் மழைக்கோட்டுகள் மாட்ட வரிசையாக ஆணிகள். இந்த வெயிலில் மழைக்கோட்டு. அதைவிட அதிசயம், உள்ளே பக்கச் சுவரில் குளிர்காய ஓர் அடுப்பு, அதற்குப் புகைபோக்கி. சீமையிலிருந்து வந்த படத்தில் இருந்ததாம், மேசன்மார் ஒரு கல் குறைக்காமல் கட்டிவிட்டார்கள். அந்தப் புகைபோக்கி முழுக்கத் தேனீ. கோயில் இடைவிடாமல் முனகிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றார் என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. பாயைத் தட்டிப் போட்டார். "நாளைக்கு ஆராதனைக்கு நிப்பீங்கதானே மனே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. நான் அதை வயது என்று எடுத்துக்கொண்டேன்.

விடியல் வெள்ளாப்பில் மணிச் சத்தம் கேட்டது. மணி என்றால் மணியில்லை, மரத்தில் தொங்கிய பழைய இரும்புச் சக்கரம். நான் முகம் கழுவிக்கொண்டு போய் முன்வாங்கில் இருந்தேன்.

"மனே, அது மாணிக்கத்தார்ர இடம்."

தள்ளி இருந்தேன்.

"அது அவர்ர பொஞ்சாதி இருக்கிறது."

இரண்டாம் வாங்குக்குப் போனேன். "அது பொன்னம்மை. கால நீட்டி இருக்கிற ஆள். ஒரு ஆளுக்கு ரெண்டு இடம் வேணும்."

"பின்னால இருக்கவா?"

"பிள்ளையள் இருக்கிற வாங்கு. நீங்க நெடுவல், மறைக்கும்."

இப்படி வாங்கு வாங்காக எழுப்பப்பட்டு, கடைசியில் நான் அந்தச் சீமை அடுப்பின் கல்லில், தேனீக்களுக்குக் கீழே போய் இருந்தேன். இனிச் சனம் வரும் என்று வாசலைப் பார்த்தேன். மாணிக்கத்தார் எப்படி இருப்பார், பொன்னம்மை எவ்வளவு பருமன் என்று யோசித்தேன். வாசலில் வெயில் மட்டும் வந்தது.

அவர் தொடங்கிவிட்டார்.

கறுப்புக் கோட்டோடு வாசிப்பு மேசையில் நின்று, "கர்த்தர் உங்களோடே இருப்பாராக" என்றார். பிறகு கோட்டைக் கழற்றினார். மடித்து மேசையில் வைத்தார். நடந்து வந்து முன்வாங்கின் ஓரத்தில் நின்று, சபையின் குரலில், "உம்முடைய ஆவியோடும் இருப்பாராக" என்றார். திரும்ப நடந்தார். கோட்டைப் போட்டார். ஜெபத்தை வாசித்தார். கோட்டைக் கழற்றினார். நடந்து வந்தார். "ஆமென்."

நான் எண்ணினேன். பன்னிரண்டு அடி.

சங்கீதத்தை ஒரு வசனம் அவரும் ஒரு வசனம் சபையும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். அன்றைய சங்கீதம் நீளமானது. கோட்டு போடுவதும் கழற்றுவதுமாக, ஆராதனை முடிவதற்குள் அவர் ஒரு மைல்கட்டைத் தூரமாவது நடந்திருப்பார். எனக்கு முதலில் வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. அடுப்புக்குள் தலையை விட்டு அடக்கினேன். சங்கீதத்தின் பாதியில் அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தேனீக்கள் மட்டும் விடாமல் பாடின.

முடிந்ததும் புத்தகத்தை எடுத்து, பேனையை மையில் தோய்த்து, வருகைப் பத்தியில் எழுதினார். எழுதியதை வெயிலில் பிடித்துக் காட்டினார். 32.

"எட்டு வருசத்துக்குப் பொறகு இண்டைக்குத்தான் ஒண்டு கூடியிருக்கு" என்றார். நத்தாருக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளையின் முகம்.

"உபதேசியார்" என்றேன், "மத்தவங்க எங்க?"

கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பாறையில் ஆழமாக வெட்ட முடியாது. கொஞ்சம் கிண்டி, மேலே கல் அடுக்கியிருந்தது. முப்பது கற்குவியல். ஒன்றிலும் பெயர் இல்லை. அவருக்குத் தெரியும். மாணிக்கத்தார், அவருடைய பெண்சாதி, பொன்னம்மை. பொன்னம்மைக்கு மட்டும் நீளமான குவியல். ஓரமாக ஆறு சின்னக் குவியல்கள்.

ஆறு பிள்ளைகள். சத்தமே இல்லை.

அவர் ஒரு குவியலிலிருந்து சரிந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "பெரியகல்லாத்தில வீடு வீடாப் போய் இவங்களக் கேட்டது நான்தான். துரை கேக்கச் சொன்னார், நான் கேட்டன். கடல விட்டுட்டு மலைக்கு என்னத்துக்குகா எண்டு பொன்னம்மை கேட்டா. மேட்டில காய்ச்சல் வராது எண்டு சொன்னன். புத்தகத்தில வாசிச்ச மாதிரிச் சொன்னன். 'உபதேசியாரும் வருவீங்களா' எண்டுதான் எல்லாரும் கேட்டாங்க. ஓம், கடைசி மட்டும் கூட இருப்பன் எண்டன். ரெண்டாம் மாரியில வந்தது காய்ச்சல். ஒரே மாரிக்குள்ள முப்பது. மிச்சம் உள்ளவங்க இறங்கிக் கரைக்குப் போய்ட்டாங்க. துரையும் போய்ட்டார். நான் எப்பிடி இறங்குறது மனே? இறங்கினா நான் சொன்ன ரெண்டும் பொய்."

"அடக்கம் பண்ணினத எழுதி அனுப்பல்லையே."

"எழுதினன். அடக்கப் புத்தகம் உள்ள இருக்கு. அத ஒருத்தரும் கேக்கல்ல. வருகையத்தான் கேட்டாங்க."

"அதுக்காக வருகை முப்பத்தொண்டெண்டு எழுதலாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "பரிசுத்தவான்களின் ஐக்கியத்த விசுவாசிக்கிறன் எண்டு ஞாயிறு ஞாயிறாச் சொல்றீங்கதானே. செத்தவங்களும் நாமளும் ஒரே சபை எண்டு நம்பிச் சொல்றீங்களா மனே, இல்ல, பாடமாக்கிச் சொல்றீங்களா?"

நான் புகைபோக்கியைப் பார்த்தேன். தேனீக்கள் போய் வந்துகொண்டிருந்தன.

"செரி, ஆமென் சொல்ல ஏன் இவ்வளவு தூரம் நடக்கிறீங்க? மேசையில நிண்டே சொல்லலாமே."

"அங்க நிண்டு வாசிக்கிறது நான். இங்க நிண்டு சொல்றது அவங்க. ஒரே இடத்தில நிண்டு ரெண்டையும் சொன்னாக் குழம்பிப் போகும்."

"அந்த ஓர இடம் ஆருட?"

"அது என்ர மனிசிர." கடைசிக் குவியலைக் காட்டினார். "நான் வந்தா அவ கொஞ்சம் தள்ளி இருப்பா."

கீழே இறங்கும்போது கேட்டார், "கந்தோரில சொல்லுவீங்களா மனே? சொன்னாப் பூட்டிப்போடுவாங்க."

"சொல்ல மாட்டன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

'பாதை ஐயாவின் காலுக்கு ஆகாது' என்று அறிக்கை கொடுத்தேன். ஐயா துக்கப்பட்டார், நம்பினார். கொஞ்ச நாள் வாய் திறக்காமல் இருந்தேன். பிறகு ஒரு பின்நேரம் தேத்தண்ணி நேரத்தில் கந்தோர்ப் பொடியன்மார் ஆமைக்கல் கதை கேட்டார்கள். என் வாய் என்னுடையதுதான். கதை என்றால் அது என் பேச்சுக் கேட்காது. ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டேன். கழற்றினேன். மடித்தேன். நடந்தேன். கந்தோரின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சரியாகப் பன்னிரண்டு அடி. "ஆமென்." மேசையில் அடித்துச் சிரித்தார்கள். இன்னொருமுறை நடிக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை நடித்தேன். மிக நன்றாக நடித்தேன். திரும்பியபோது வாசலில் ஐயா நின்றார்.

அவர் சிரிக்கவில்லை. "வண்டிக்குச் சொல்லு" என்றார்.

காலில் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு, வண்டியின் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வந்தார். காக்கா மாட்டை ஓட்டினார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எங்களுக்கு முன்பே செய்தியைப் போகவிட்டிருந்தார். உபதேசியாரைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று அடிவாரத்து வட்டைகள் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தச் சனத்துக்கு மனு எழுதிக் கொடுத்த கை, பாம்புக்கடிக்கு ஓடிவந்த கால், பிள்ளைகளுக்குத் தேன் கொடுத்த மனிதர். ஞாயிறு காலையில் நாங்கள் மலை ஏறினால், கோயில் நிறைய ஆட்கள். வயல்காரப் போடியார் ஒருவர், வட்டைக்காரர்கள், பெண்கள். நெற்றித் திருநீற்றை அவசரமாக அழித்த வெள்ளைத் தடம் எல்லோருக்கும். எண்ணிப் பார்த்தேன். சரியாக முப்பது பேர். காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் நிலையில் சாய்ந்தார்.

"நான் உள்ளுக்க வரல்ல. ஒரு ஆள் குறைஞ்சா வாசலையும் எண்ணுங்க" என்று என் காதுக்குள் சொன்னார்.

அவ்வளவு பாடுபட்டுக் கூட்டிய கூட்டத்தை முப்பத்தொன்றாரே கெடுத்தார். ஒருவரையும் வாங்கில் இருக்க விடவில்லை. முப்பது பேரும் சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். நடுவில் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன.

"ஏன் நிக்கிறாங்க? இருக்கச் சொல்லுங்க" என்றார் ஐயா.

"இடமில்ல ஐயா."

போடியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐயா வாங்குகளைப் பார்த்தார். பிறகு அவரும் இருக்காமல் நின்றார். வாதக் காலோடு ஆராதனை முழுக்க நின்றார். முதல் ஜெபம் முடிந்ததும் சுவர் ஓரத்திலிருந்து ஒரு கிழவர் பழக்கத்தில் "அரோகரா" என்றார். பக்கத்து ஆள் இடித்தார். ஐயா கண் திறக்கவில்லை.

அன்று புத்தகத்தில் முப்பத்தொன்றார் எழுதியதை நானே பார்த்தேன். 'வருகை 33. நின்றவர்கள் 30.' பொய் சொல்ல அந்த மனிதருக்கு வராது.

ஆராதனைக்குப் பிறகு ஐயா பின்னால் போனார். அந்தக் குவியல்களில் ஒரு குருவானவர் ஜெபம் பண்ணியதே இல்லை. முப்பது குவியலிலும் முழங்காலில் இருந்து எழும்பினார். முப்பது தடவை. கடைசியில் காக்காவும் நானும் தூக்கித்தான் எழுப்பினோம். ஒரு கணம், இனிப் பூட்டமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "உபதேசியார், கிரான் பக்கத்தில உயிரோட உள்ள சனம் மூண்டு வருசமா ஒரு உபதேசியாருக்குக் காத்திருக்கு. இங்க ஒருத்தரை வைச்சிருந்தா அங்க அனுப்ப ஆளில்ல. நீங்களே அங்க வாங்க. நான் கேக்கிறன்."

"நல்ல இளந்தாரி ஒருத்தர அங்க அனுப்புங்க ஐயா. நான் வாறதுக்கில்ல."

"அப்ப இந்த மாசத்தோட கோயிலப் பூட்டத்தான் வேணும்."

"ஓம் ஐயா" என்றார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, நடுவில் விட்டதற்குத் திரும்பி வருகிறேன். இரண்டு மாரி கழித்து, காக்கா கந்தோர் வாசலில் வந்து நின்றார். தேன் தகரம் இல்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "உபதேசியாருக்கு நானும் வட்டைக்காரரும்தான் கல் அடுக்கினம், மனிசிக்குப் பக்கத்தில இடம் இருந்திச்சி" என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இப்ப உங்கட புத்தகம் செரி மனே. முப்பத்தொண்டு" என்றார். கந்தோரில் நான் நடித்த நாளுக்குப் பிறகு அவர் என்னை மனே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நடுவில் விட்டது அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. கோயில் கதவுத் திறப்பையும் புத்தகங்களையும் வாங்கிவர ஐயா என்னைத்தான் அனுப்பினார். தண்டனையாகவா, இரக்கமாகவா என்று இன்றுவரை தெரியாது. மலை ஏறும்போது அவரிடம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். நான்தான் சொன்னேன், சிரிப்புக்காகச் சொன்னேன், மன்னியுங்கள். மேலே போனதும் திறப்பையும் புத்தகங்களையும்தான் கேட்டேன்.

அவர் எல்லாவற்றையும் துணியில் கட்டி வைத்திருந்தார். வருகைப் புத்தகம், அடக்கப் புத்தகம். பிறகு திறப்பைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தந்தார். முழங்கை நீள இரும்புத் திறப்பு. கதவைப் பூட்டுவதுதான் கடைசி வேலை. பூட்டுத் துளையில் விட்டுப் பார்த்தேன். உள்ளே மெழுகு. தேனீ எப்போதோ கூடு வைத்துவிட்டது. கதவும் கீழே பாறையில் இறங்கி, வேர் ஏறி, திறந்தபடியே நின்றது. அசைக்க ஆறு ஆள் வேண்டும்.

"எட்டு வருசமாத் திறந்துதான் கிடக்கு" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: 'திறப்பு பெறப்பட்டது.' அந்தத் திறப்பால் பூட்டமுடியாது என்று எழுதவில்லை. கந்தோரில் நான் வாய் மூடிக் காப்பாற்றிய ஒரே உண்மை அது. அந்தத் திறப்பு நெடுங்காலம் என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க உதவியது.

ஆனால் திறப்பு கைமாறியதற்கு முன்னால் ஆராதனை இருந்தது. அவர் கடைசித் தடவையாக உபதேசியாராக வாசிக்க வேண்டும். கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனவர் நின்றார். அன்று அவருடைய காலும் சுகமில்லை, வீங்கியிருந்தது. நான் முன்போல அடுப்புக் கல்லில் போய் இருந்தேன்.

"மனே" என்றார். "அங்க வேணா. இங்க வாங்க."

முன்வாங்கின் ஓரத்தைக் காட்டினார்.

"அது உங்கட மனிசிர இடம்."

"அவ தள்ளி இருப்பா. நீங்க நில்லுங்க. நான் வாசிக்கிறன்."

நின்றேன். அவர் வாசித்தார். கோட்டைக் கழற்றாமல், மேசையை விட்டு அசையாமல் வாசித்தார். அவர் ஜெபத்தின் கடைசிச் சொல்லை விட்டதும் நான் சொன்னேன். ஆமென். என் குரல் கல்லில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அவர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கச் சற்றுச் சுணங்கினார். பிறகு தொடங்கினார். சங்கீதத்தில் ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நான். நான் வரி தவறிய இடங்களில் தேனீக்கள் சொல்லின. அன்று ஆராதனை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

வண்டி வரை கூட வந்தார். காக்கா மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் பாடமாக்கி வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். "உபதேசியார், அண்டைக்குக் கந்தோரில நான்..."

அவர் என் தோளில் கையை வைத்தார். கோட்டுக் கைக்குள்ளே விரல்கள் எங்கேயோ இருந்தன.

"இண்டைக்கு ஆமென் சுணங்கல்ல மனே" என்றார். "போய்ட்டு வாங்க."